டவர் எட்டும் தூரம்

சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கிற நூலகத்தின் கணினி அறையில், ஜன்னலோரக் கணினிக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் உட்கார்ந்து எந்தத் தளத்தைத் திறந்தாலும், பெயர் கேட்கும் கட்டத்தைத் தொட்ட உடனே கீழே ஒரு பட்டியல் இறங்கும். அதுவரை அங்கே உட்கார்ந்து எழுந்துபோன அத்தனை பேருடைய பயனர் பெயர்களும் அதில் இருக்கும். ஏதாவது ஒன்றைத் தொட்டால் போதும், கடவுச்சொல் புள்ளி புள்ளியாகத் தானே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்து எனக்குக் கவலையாகிவிட்டது. தையல் வேலை செய்கிற ஒரு அக்கா, மகனுடைய உதவித்தொகை வந்ததா என்று பார்க்க வந்தவர், பட்டியலின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். "இது அந்த ரிட்டயர்டு சாரோடது. இது யாரோ தெரியல. இது பால்காரர் பொண்ணு. இந்தா, இதான் நம்மளுது." தன்னுடையதை மட்டும் தொட்டு உள்ளே போய்விட்டார். தெருக்குழாயில் வரிசையாக வைத்த குடங்களில் அவரவர் குடத்தை அவரவர் எடுத்துக்கொள்கிற மாதிரி. அடுத்தவர் குடத்தில் யாரும் கை வைக்கவில்லை. வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. தோன்றினால் என்ன ஆகும் என்கிற கேள்வி, டிபன் டப்பாவைத் திறக்கும்போதுகூட என்னை விடவில்லை.

நான் கொஞ்சம் பயந்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா கடலூர் முதுநகர் துறைமுகத்தில் போட்டுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறார். அம்மா கருவாட்டுக் கடையில் தரம் பிரிக்கிறார். கணினி அறிவியல் படித்துவிட்டு ஒப்பந்த வேலையில் சேர்ந்த எனக்கு, தப்பு நடந்தால் கேட்க ஆள் இல்லை, தப்பு நடந்துவிட்டது என்று சொல்ல மட்டும் நிறைய ஆள் இருக்கும் என்கிற எண்ணம் எப்போதும் உண்டு. காலையில் கடலூரில் பஸ் ஏறி சிதம்பரம் வந்து சேர்வதற்குள், நேற்று எதையாவது அணைக்காமல் வந்துவிட்டேனா என்று மனசுக்குள் ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுப் பார்ப்பேன்.

அதனால் மேலே இருந்து உத்தரவு வந்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. எல்லாக் கணினிகளிலும் பழைய பொதுக் கணக்கை நீக்கிவிட்டு விருந்தினர் கணக்கு வைக்க வேண்டும். உபயோகித்தவர் எழுந்து போனதும் அவர் செய்தது எல்லாம் அழிந்துவிடும். பத்து நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் தானாகவே வெளியேறிவிடும். அடுத்தவர் உட்காரும்போது புதுக் கணினி மாதிரி வெறுமையாக இருக்கும்.

நூலகர் மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உத்தரவை இரண்டு தரம் படித்தார். "செஞ்சிடுப்பா. நாளைக்கு யாராவது வந்து என் பணம் போச்சுன்னு நின்னா, உன்னையும் என்னையும்தான் நிக்க வெச்சிக் கேப்பாங்க."

உடனே செய்யவில்லை. அறிவிப்பு எழுதி கதவில் ஒட்டினேன். வருகிற ஒவ்வொருவரிடமும் வாயாலும் சொன்னேன். உங்கள் கடவுச்சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள், இந்தத் தேதிக்குப் பிறகு கணினிக்கு ஞாபகம் இருக்காது. ஓய்வுபெற்ற ஒரு சார் சிரித்தார். "வீட்ல எழுதி வெச்சா பேரன் எடுத்து கேம் வாங்கிடுவான் தம்பி. இங்க இருக்கிறதுதான் பத்திரம்." இன்னொருவருக்குக் கோபம். "தெனம் வர்றவன் நான். என்னை விருந்தாளின்னு போடுறியே, நாளைக்கு காப்பி குடுப்பியா?" தையல்கார அக்கா ஒரு படி மேலே போனார். "நீயே எங்கயாவது வெச்சுக்கயேன். நீ என்னா ஓடியா போவப்போற?" நான் தலையைத் தலையை ஆட்டி மறுத்தேன். முடிந்தவர்களுக்கு உட்கார்ந்து புதிய கடவுச்சொல் மாற்றிக்கொடுத்தேன், அவர்கள் தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஆனால் அந்த நாட்களில் வராதவர்களும் இருந்தார்கள். அவர்களை நான் எங்கே போய்த் தேடுவது? பட்டியலில் பெயர் மட்டும்தான் இருக்கிறது. சொன்ன தேதியில், ஜன்னலோரக் கணினியின் பழைய கணக்கை நீக்குகிற பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒருமுறை இறக்கிப் பார்த்தேன். பிறகு மேடத்தைக் கூப்பிட்டு, அவர் பக்கத்தில் நிற்கும்போது அழுத்தினேன்.

புதுக் கணக்கிலும் ஒரு தொல்லை. யாராவது ஒரு தளத்துக்குள் நுழைந்தால் ஓரத்தில் சின்னப் பெட்டி வந்து, 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா?' என்று கேட்கும். அதை வராமல் நிறுத்தி வைப்பேன். விருந்தினர் வெளியேறியதும் நான் நிறுத்தியதும் சேர்ந்து அழிந்துபோகும். அடுத்தவருக்கு மறுபடியும் அதே பெட்டி. அவர்களும் 'ஆம்' என்று அழுத்திவிட்டு நிம்மதியாக எழுந்து போவார்கள். நான் நாற்காலி நாற்காலியாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன், அது சொல்வதை நம்பாதீர்கள், நீங்கள் எழுந்தவுடன் மறந்துவிடும் என்று. என்னைப் பார்த்தாலே சிலர் "வேணாம்தானே, வேணாம்தானே" என்று கையை எடுத்துவிடுவார்கள்.

அந்தப் பெண் வந்தது இப்படி ஒரு வாரம் ஓடிய பிறகு. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண். அம்மா இங்கே ஒரு விடுதிச் சமையலறையில் வேலை. அப்பா இல்லை. கலந்தாய்வுக்கு விண்ணப்பித்ததே இந்த ஜன்னலோர நாற்காலியில்தான், அதனால் எனக்கு முகம் தெரியும். வியர்த்து வழிய நேராகப் போய் உட்கார்ந்து, தளத்தைத் திறந்து, கட்டத்தைத் தொட்டது. பட்டியல் இறங்கவில்லை. இன்னொரு தரம் தொட்டது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தது.

"அண்ணா, என்னோட பேரு காணோம்."

நான் விளக்கிச் சொன்னேன். கேட்கக் கேட்க அதன் முகம் மாறிக்கொண்டு வந்தது.

"நான் கடலூர்ல இருந்தண்ணா. அத்தைக்குக் கொழந்த பொறந்திருக்குன்னு மாமா வீட்டுக்குப் போயிட்டன். சீட்டு கெடச்சிருக்குண்ணா. நர்சிங். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள உள்ள போயி சம்மதம்னு அழுத்தணும். இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"பாஸ்வேர்டு ஞாபகம் இல்லையா?"

"பெரிய எழுத்து வேணும், நம்பர் வேணும், குறி வேணும்னு அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கடைசியா எதையோ ஏத்துக்கிச்சு. சேமிக்கவான்னு கேட்டுச்சு, ஆமான்னு குடுத்தன். இதுலதான இருக்குன்னு கடலூர்ல இருந்து பஸ் ஏறி வந்தன்."

அது என்னைக் குறை சொல்லும் குரலில் பேசவே இல்லை. ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தியது நான்தான்.

கடவுச்சொல் மறந்துவிட்டது என்கிற இணைப்பை அழுத்தினோம். பதிவு செய்த கைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. கடைசி இரண்டு எண்களைக் காட்டியது.

"இது யார் நம்பர்?"

"மாமாவோடது. எங்க வீட்ல எல்லாத்துக்கும் மாமா நம்பர்தான் குடுப்போம்."

"கூப்பிடு."

"மாமா கடலுக்குப் போயிருக்காருண்ணா."

காலையில் கடலூரில் ஒரு பிரவுசிங் கடையிலும் இதே இணைப்பை அழுத்திப் பார்த்திருக்கிறது, ஒன்றுக்கு மேல் தடவை. எல்லாம் மாமாவின் போனுக்குத்தான் போயிருக்கும். அவர் தங்கி மீன் பிடிக்கிற விசைப்படகில் போனவர். கரை எப்போது திரும்புவார்கள் என்பது மீனைப் பொறுத்தது. நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. மின்னஞ்சல் வழியாக மீட்கலாம் என்று பார்த்தால், அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லும் இதே கணினியில்தான் இருந்தது. அதை மீட்கவும் மாமாவின் எண்தான். உதவி எண்ணில் இசை ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தவர், எண்ணை மாற்ற நேரில் வந்து கடிதம் கொடுக்கணும், இரண்டு வேலை நாள் ஆகும் என்றார். அஞ்சு மணிக்கு முடியுதுங்க என்றேன். "அதுக்கு நாங்க என்ன பண்றதுங்க" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பழைய கணக்கின் கோப்புகள் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்தாலும் சாவி இல்லாமல் பூட்டு மட்டும் கிடைத்த மாதிரிதான், பயன்படாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே தேடினேன். அந்தப் பெண் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் சும்மா நிற்க முடியவில்லை.

அப்போதுதான் அப்பா ஞாபகம் வந்தார்.

துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் டீசல் போடுகிறவரின் அறையில் ஒரு வயர்லெஸ் இருக்கிறது. கடலில் இருக்கிற போட்டுகள் கரையோடு பேசுவது அதில்தான். போனுக்கு எட்டாத தூரமும் அதற்கு எட்டும்.

அப்பாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பின்னால் ஐஸ் அரைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"எந்த போட்டு?"

அந்தப் பெண்ணிடம் கேட்டுச் சொன்னேன்.

"பச்ச கேபினா? நான்தான் ஐஸ் ஏத்தி அனுப்பினன். சரி, வயர்லெஸ்ல கூப்பிடச் சொல்றன். என்னான்னு சொல்றது?"

"டவர் கெடைக்கிற தூரத்துக்கு வரச் சொல்லுங்க. வந்தா போன்ல ஒரு நம்பர் வரும். அதை வயர்லெஸ்ல படிக்கணும். நீங்க உங்க போனை ஸ்பீக்கர்ல போட்டு அந்தப் பெட்டி பக்கத்துல பிடிங்க. நான் இங்க கேட்டுப் போட்டுக்கறேன்."

மெஷின் சத்தம் கொஞ்சம் குறைந்தது. அறைக்குள் போயிருப்பார்.

"அந்த நம்பரா? யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு நீதான என்னைப் போட்டுத் திட்டுவ?"

"ஆமாம்ப்பா. இப்ப சொல்லணும்."

"வயர்லெஸ்ல சொன்னா கடல்ல இருக்கிறவன் பூரா கேப்பான்டா."

"கேக்கட்டும்."

சொல்லிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரைத் திரும்பிப் பார்க்காமல் நின்றேன். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் நான் எழுதி ஒட்டிய தாள் அங்கே இருந்தது.

வயர்லெஸ்ஸில் போட்டைப் பிடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. ஸ்பீக்கர் வழியாக எனக்குக் கரகரப்புதான் முதலில் கேட்டது. பிறகு டீசல்காரர் விஷயத்தைச் சொல்வது, அதற்கு யாரோ பதில் சொல்வது. பதில் சொன்னவர் போட்டை ஓட்டுகிறவர்.

"வலை தண்ணில கெடக்குது. இப்பதான் வுட்டோம். தூக்கிட்டு வரச் சொல்றியா?"

"பொண்ணு படிப்பு விஷயம்யா."

"எந்தப் பொண்ணு?"

"உன் போட்டுல ஒருத்தருக்குப் புதுசா கொழந்த பொறந்திருக்குதே, அவரோட அக்கா பொண்ணு. நர்ஸ் சீட்டாம். அஞ்சு மணி வரைக்கும்தான் டைமாம்."

அந்தப் பெண் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு வேறு ஒரு குரல், அந்தப் பெண்ணின் மாமா. "அவர்கிட்ட நான் சொல்லிட்டன். வலையைத் தூக்குறோம்."

பின்னால் யாரோ, "மச்சான், ஊசி போட ஆள் வேணும்ல, தூக்கு தூக்கு" என்று சொன்னது அரைகுறையாகக் கேட்டது. வேறு ஏதோ போட்டிலிருந்து இன்னொருவர் புகுந்து, "எங்களுக்கு மாத்திரையும் சேத்துக் குடுக்குமா?" என்றார். டீசல்காரர் எல்லாரையும் வாயை மூடச் சொன்னார்.

வலை தூக்கி, திரும்பி, கரைப்பக்கம் ஓடி வர வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்று அப்பாவிடம் கேட்டேன். "அது வந்தாதான் வந்தது" என்றார்.

காத்திருந்தோம். இதற்குள் இன்னொரு கவலை. பத்து நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் விருந்தினர் கணக்கு தானே மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டால் அந்தப் பழைய கணினி மறுபடி உயிர் பெற்று, வலைத்தளம் திறந்து நிற்பதற்குள் பாதிப் பொழுது போய்விடும். "சும்மா மவுஸை அசைச்சிக்கிட்டே இரு" என்று சொன்னேன். அந்தப் பெண் சின்னச் சின்ன வட்டமாக அசைத்துக்கொண்டிருந்தது. விண்ணப்பத் தாள் மடியில். மின்விசிறி ஒருமுறை மெதுவாகி மறுபடி வேகம் பிடித்தபோது இருவரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தோம். கரண்ட் போகவில்லை.

மேடம் வந்து எட்டிப் பார்த்தார். விஷயம் கேட்டார். உத்தரவில் இப்படி ஒரு நிலைமைக்கு வழி சொல்லியிருக்கிறதா என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு, "சாப்ட்டியாம்மா நீ?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அது தலையை ஆட்டியது ஆமாவா இல்லையா என்று புரியவில்லை. ஒரு பிஸ்கட் பாக்கெட் மேசைக்கு வந்தது. மவுஸை விட்டால் மூடிக்கொள்ளும் என்கிற பயத்தில் அது இடக்கையால் எடுத்துச் சாப்பிட்டது.

நாலரை மணி இருக்கும். ஸ்பீக்கரில் மாமாவின் குரல் உயர்ந்தது. "டவர் வந்துடுச்சு. ஒரு புள்ளி காட்டுது. இரு, இரு, மெசேஜ் வருது."

நான் அந்த நிமிடம்தான் புதிதாக ஒரு ஓடிபி கேட்டு அழுத்தியிருந்தேன். "அதைப் படிக்கச் சொல்லுங்கப்பா."

எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு எண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கரகரப்பு. அந்தப் பெண் தட்டியது. நான் திரையையும் அதன் விரலையும் மாறி மாறிப் பார்த்தேன்.

தவறான எண் என்று சிவப்பில் வந்தது. கீழே இன்னொரு வரி. இன்னும் ஒரு வாய்ப்புதான் உள்ளது, அதன்பின் கணக்கு ஒரு நாளுக்கு முடக்கப்படும்.

அந்தப் பெண் அந்த வரியை வாய்க்குள் மறுபடி படித்தது.

"எந்த மெசேஜைப் படிச்சாருன்னு கேளுங்கப்பா. கடைசியா வந்ததைத்தானே?"

மாமா சொன்னார், "எது கடைசின்னு எனக்கு எப்படித் தெரியும்? காலைலேர்ந்து வந்தது எல்லாம் ஒட்டுக்கா விழுந்திருக்கு. எல்லாத்துலயும் ஒரே டைம் போட்டிருக்கு."

காலையில் கடலூர்க் கடையிலும், பிறகு இங்கேயும் கேட்ட எண்கள் எல்லாம் அவர் போனைத் தேடிக்கொண்டு எங்கோ நின்றிருந்து, டவர் கிடைத்ததும் முட்டிக்கொண்டு உள்ளே நுழைந்திருக்கின்றன. எந்த வரிசையில் என்பது யாருக்கும் தெரியாது. ஒன்றொன்றாகப் போட்டுப் பார்க்கவும் முடியாது. நான் படித்த படிப்பு முழுக்க அந்த நேரத்தில் மண்டையில் எங்கோ ஒளிந்துகொண்டது. மேடம் கதவுப் பக்கம் நின்று சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா," அந்தப் பெண் சொன்னது, "மாமாவ எல்லா மெசேஜையும் அழிச்சிடச் சொல்லுங்க. ஒண்ணுகூட வேணாம். அழிச்சிட்டேன்னு சொன்னப்புறம் நாம புதுசா கேப்போம். அப்ப ஒண்ணுதான இருக்கும்."

அப்பா வழியாக டீசல்காரருக்கும், அவர் வழியாக மாமாவுக்கும் போனது. "எல்லாத்தையுமா? அதுல எங்க வூட்டுக்காரி அனுப்பின கொழந்த போட்டோல்லாம் இருக்குது." போட்டோ வேறு இடத்தில் இருக்கும், மெசேஜை மட்டும் அழி என்று விளக்க இன்னும் கொஞ்ச நேரம் போனது. நடுநடுவே வேறு போட்டுக்காரர்கள் யோசனை சொல்லப் புகுந்தார்கள். ஒருத்தர் பொத்தானை அழுத்திப் பேசினால் மற்றவர் குரல் வெட்டுப்படும். டீசல்காரர் கத்தினார், "எல்லாரும் கையை எடுங்கப்பா. பொண்ணு வேலை முடியட்டும். அப்பறம் நாள் பூரா பேசுங்க." கரகரப்பு அடங்கியது. அத்தனை போட்டும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்கிறது என்று நினைத்தபோது எனக்கு இன்னும் பதற்றம் ஏறியது.

"அழிச்சிட்டன்" என்றார் மாமா.

அழுத்தினோம்.

ஒன்றும் வரவில்லை. மாமா, "இல்ல. இன்னும் இல்ல" என்றார். "இல்ல." பிறகு அவர் குரல் தண்ணீருக்குள் இருந்து பேசுகிற மாதிரி உடைந்தது. "வந்... நா... ரெண்..." அலையில் போட்டு ஆடியிருக்கும், அல்லது ஓடிக்கொண்டே வேறு பக்கம் திரும்பியிருக்கும். எண்ணின் பாதி கேட்கிறது, பாதி போகிறது. ஓடிபிக்குக் கெடு பத்து நிமிடம். சம்மதத்துக்குக் கெடு அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

அப்போது ஒரு புதுக் குரல் வந்தது. நிதானமான, வயசான குரல். "நான் ரெண்டு பேத்துக்கும் நடுவுல இருக்கன். அவர் சொல்றது எனக்கு நல்லா கேக்குது. அவர் எனக்குச் சொல்லட்டும், நான் ஒங்களுக்குச் சொல்றன்." யார் என்று யாரும் கேட்கவில்லை. மாமா சொல்ல, அந்தக் குரல் ஒவ்வொரு எண்ணாக வாங்கி, இரண்டு முறை திருப்பிச் சொன்னது. "நாலு. நாலு. ரெண்டு. ரெண்டு." கடைசி எண்ணில் ஏழா ஒன்றா என்று எனக்குச் சந்தேகம். மறுபடி கேட்கச் சொன்னேன். "ஏழு. வாரத்துக்கு ஏழு நாளு, அந்த ஏழு."

அந்தப் பெண் தட்டிவிட்டு, அழுத்துவதற்கு முன் விரலை எடுத்துக்கொண்டது. "நீங்க ஒரு தரம் பாருங்கண்ணா." பார்த்தேன். எண்கள் எனக்கு மங்கலாகத் தெரிந்தன. சரி என்றேன்.

புதிய கடவுச்சொல் கேட்டது.

நான் ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டேன். கீழே சைக்கிள் ஸ்டாண்டில் ஒருவர் பூட்டைத் திறக்க முடியாமல் ஆட்டிக்கொண்டிருந்தார். பின்னால் தட்டுகிற சத்தம், நிறுத்தம், மறுபடி சத்தம். "குறி வேணும்ங்குதுண்ணா." "போடு." மறுபடி சத்தம். "ஏத்துக்கிச்சு." திரும்பியபோது அது தன் பக்கத்துக்குள் போய், சம்மதம் என்கிற பொத்தானைத் தேடி, அழுத்தி, உறுதியாகவா என்று கேட்டதற்கு இன்னொரு முறை அழுத்திவிட்டிருந்தது. பச்சை நிறத்தில் ஒரு வரி. அதைப் படித்தும் நம்பாமல் மேடத்தைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவர் முழுதாக, சத்தமாகப் படித்தார்.

அப்பா போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். "என்னாச்சுடா? இங்க எல்லாரும் கேக்கறாங்க. சொல்லித் தொலை."

போனை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். "கெடச்சிடுச்சு மாமா" என்றது. அவ்வளவுதான் வந்தது அதற்கு. அந்தப் பக்கம் ஒரே நேரத்தில் பல பேர் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும், வெறும் இரைச்சல்தான் கேட்டது. நடுவில் போட்டு ஓட்டுகிறவரின் குரல் மட்டும் தெளிவாக வந்தது. "சரி, திருப்புறன். மீனு போயிருந்தா அந்தப் பொண்ணு சம்பளம் வாங்கிக் குடுக்கட்டும்."

அச்சுப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, வெளியேறுவதற்கு முன் எண்ணை மாற்றிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். இனிமேல் சேர்க்கை, சான்றிதழ் சரிபார்ப்பு, விடுதி என்று ஒவ்வொன்றுக்கும் ஓடிபி வரும். ஒவ்வொரு தடவையும் வலையைத் தூக்க முடியாது.

"உன் போன் நம்பர் சொல்லு."

"எனக்குப் போன் இல்லண்ணா."

"அம்மாவோடது?"

"பஸ் ஸ்டாண்டுல கொடை போட்டு சிம் விக்கிறாங்கல்ல, அங்க ஆஃபர் வந்தா அம்மா புது சிம் வாங்கி மாத்திடும். இப்ப எந்த நம்பர்னு அதுக்கே தெரியாது." கொஞ்சம் யோசித்தது. "உங்க நம்பரைப் போடுங்களேண்ணா. காலேஜ் சேந்து போன் வாங்குற வரைக்கும்."

தையல்கார அக்கா நீயே வைத்துக்கொள் என்றபோது தலையை ஆட்டி மறுத்தவன் நான். மறுத்ததற்கு எனக்குக் காரணங்கள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. யாரோ ஒருவருடைய கதவுச் சாவி என் சட்டைப்பையில் இருக்கும். நான் தொலைத்தால், நான் தூங்கிவிட்டால், என் போன் செத்துப்போனால்? ஆனால் திரையில் அந்த மாமாவின் எண் இருந்தது, அவர் போட்டு மறுபடி கிழக்கே போய்க்கொண்டிருந்தது. மாற்றுவதை உறுதிசெய்யப் பழைய எண்ணுக்கு ஒரு தடவை ஓடிபி போகும் என்று தளம் சொன்னது. டீசல்காரர் வழியாக அவசரமாகச் சொல்லி, டவர் விட்டுப்போவதற்குள் அதையும் வாங்கினோம். நான் என் எண்ணைத் தட்டினேன்.

மேடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "ஏம்ப்பா, இதெல்லாம் தேவையா உனக்கு?" என்றார். அவர் போய் விளக்குகளை அணைக்க ஆரம்பித்தார்.

அந்தப் பெண் இப்போது முதலாண்டு படிக்கிறது. போன் இன்னும் வாங்கவில்லை. விடுதியில் ஒரு தோழியின் போனிலிருந்து கூப்பிடும். உதவித்தொகைக்கு ஒன்று, தேர்வுக் கட்டணத்துக்கு ஒன்று என்று எண்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. நான் போனை அணைத்து வைப்பதே இல்லை. குளிக்கப் போகும்போது அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். கடலூரிலிருந்து வருகிற பஸ் வழியில் ஒரு சவுக்குத் தோப்பைக் கடக்கும், அங்கே கொஞ்ச தூரத்துக்கு டவர் இருக்காது. முன்பெல்லாம் அந்த இடத்தை நான் கவனித்ததுகூட இல்லை.

போன வாரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது அழைப்பு வந்தது.

"அண்ணா, டவர்ல இருக்கீங்களா?"

ஜன்னல் பக்கம் குனிந்து பார்த்தேன். தோப்பின் முதல் மரங்கள் தெரிய ஆரம்பித்திருந்தன.

"இருக்கன். இப்பவே அழுத்தும்மா. சீக்கிரம்."